மடித்துப் போட்ட சீட்டும் எதிர்த்துக் கை தூக்கிய 14 பேரும்

வணக்கம் நண்பர்களே. இப்போது நான் பெர்லினில், ஸ்ப்ரே ஆற்றங்கரையில் நிற்கிறேன். பின்னால் தெரிவது ஹம்போல்ட் ஃபோரம். பழைய அரண்மனை மாதிரி இருக்கிறது, ஆனால் கட்டி முடித்துச் சில வருடங்கள்தான் ஆகின்றன. 1976 முதல் இதே இடத்தில் குடியரசு மாளிகை என்று ஒரு கட்டடம் இருந்தது. வெண்கல நிறக் கண்ணாடி முகப்பு. உள்ளே உணவகம், கச்சேரி அரங்கம், பவுலிங் கூடம் எல்லாம் உண்டு. கிழக்கு ஜெர்மனியின் நாடாளுமன்றமும் அங்கேதான் கூடியது. ஃபோல்க்ஸ்காமர், அதாவது மக்கள் அவை.

அந்த அவையில் யார் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்பதைத்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன். 1986இல் மொத்தம் 500 உறுப்பினர்கள். ஆளுங்கட்சியான சோசலிச ஐக்கியக் கட்சிக்கு எத்தனை இடம் இருந்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்? 127தான்! கிறித்துவ ஜனநாயகக் கட்சி, விவசாயிகள் கட்சி என்று இன்னும் நாலு கட்சிகள், ஒவ்வொன்றுக்கும் 52. மீதி இடங்கள் தொழிற்சங்கம், இளைஞர் அமைப்பு, பெண்கள் சங்கம் போன்றவற்றுக்கு.

முதலில் இந்தக் கணக்கைப் பார்த்தபோது, பெரும்பான்மை இல்லாமலா ஆண்டார்கள் என்று குழம்பிப்போனேன். அப்புறம்தான் புரிந்தது. தொழிற்சங்கத்தின் பேரில் வந்தவரின் சட்டைப் பையிலும் பெரும்பாலும் ஆளுங்கட்சி அட்டைதான் இருந்தது. இளைஞர் அமைப்பிலும் அப்படித்தான். மற்ற நாலு கட்சிகளும் ஆளுங்கட்சியின் தலைமையை ஏற்றுக்கொண்டவை. இந்தப் பங்கீடு தேர்தலுக்கு முன்பே முடிந்துவிடும். மக்கள் போடும் ஓட்டால் யாருக்கும் ஒரு இடம்கூடக் கூடாது, குறையாது.

சரி, ஓட்டு எப்படிப் போட்டார்கள்? இதோ, கையில் ஒரு தாள் வைத்திருக்கிறேன். இதுதான் சீட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கட்சிகளும் அமைப்புகளும் சேர்ந்த தேசிய முன்னணியின் ஒரே பட்டியல், அதில் வரிசையாகப் பெயர்கள். எந்தக் குறியும் போட வேண்டாம். இப்படி மடித்து, பெட்டிக்குள் விட்டால் போதும், ஆதரவு ஓட்டு. ஓட்டுப் போடப் போவதையே மக்கள் 'மடிக்கப் போகிறோம்' என்றுதான் சொன்னார்கள். ஓரமாக மறைப்பும் இருந்தது. ஆனால் எதிர்ப்பாகப் பெயர்களைக் கோடு போட்டு அடிக்க நினைத்து அந்தப் பக்கம் நடந்தால், அறையில் இருக்கும் அத்தனை கண்ணும் உங்கள் முதுகில்தான். யார் போனார் என்பதைக் குறித்தும் வைப்பார்கள். அந்த நாலு எட்டு நடக்க எவ்வளவு துணிச்சல் வேண்டும், யோசித்துப் பாருங்கள். 1986 தேர்தலில் பட்டியலுக்குக் கிடைத்ததாக அரசு அறிவித்த ஆதரவு 99.94 சதவீதம்.

அவைக்குள்ளேயும் அதே கதைதான். வருடத்தில் சில நாள் கூடுவார்கள், எல்லாக் கையும் சேர்ந்து எழும். 1972 மார்ச் 9 அன்று மட்டும் அப்படி நடக்கவில்லை. முதல் 12 வாரத்துக்குள் கருவைக் கலைப்பதா வேண்டாமா என்பதைப் பெண்ணே முடிவு செய்யலாம் என்ற சட்டம் வந்தது. கிறித்துவ ஜனநாயகக் கட்சியைச் சேர்ந்த 14 பேர் எதிர்த்துக் கை தூக்கினார்கள், 8 பேர் நடுநிலை வகித்தார்கள். சட்டம் நிறைவேறிவிட்டது. அந்தச் சட்டம் சரி என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனாலும் அந்த 14 கைகள் மேல் எனக்கு அவ்வளவு மரியாதை உண்டு. மறைப்புகூட இல்லாத இடத்தில் எழுந்த கைகள் அவை.

அப்புறம் 1990 மார்ச் 18 அன்று முதல் சுதந்திரத் தேர்தல். 400 இடங்கள். பழைய ஆளுங்கட்சி புதுப் பெயரில் நின்று 66 இடம் வாங்கியது. அந்த ஆகஸ்ட் 23 அன்று, மேற்கு ஜெர்மனியோடு சேருவதற்கு ஆதரவாக 294 ஓட்டு, எதிராக 62, நடுநிலை 7. எல்லோர் கண் முன்னாலும் எண்ணிச் சொன்ன எண்கள்! அடுத்த மாதமே, உடலுக்குக் கெடுதலான ஆஸ்பெஸ்டாஸ் காரணமாகக் குடியரசு மாளிகையை மூடினார்கள், 2006 முதல் 2008 வரை இடித்தார்கள்.

ஆனால் மாளிகை வருவதற்கு முன்பு அவை கூடிய, 1972 வாக்கெடுப்பு நடந்த கட்டடம் மட்டும் இன்னும் இருக்கிறது. லூயிசன் தெருவில், மருத்துவர் சங்கங்களுக்காகக் கட்டிய வீடு. இங்கிருந்து நடந்தே போய்விடலாம். வாங்க, போவோம்.