ஆறு எண்ணிக் கேளுங்கள்: நத்தாலியா லஃபூர்காடின் பாடல்கள்

வணக்கம் நேயர்களே.

மெக்சிகோவின் பாடகி, பாடலாசிரியர் நத்தாலியா லஃபூர்காடை வெளியீட்டு வரிசையில் கேட்டால் ஏமாற்றமே மிஞ்சும். 2002-இல் வந்த முதல் தொகுப்பு துடிப்பான இளைஞர் பாப். அதில் அவருடைய வேர் தெரியாது. 2015-இல் வந்த 'அஸ்தா லா ராயீஸ்' தொகுப்பில் தொடங்குங்கள். 'வேர் வரை' என்று பொருள்படும் அதன் தலைப்புப் பாடலை லியோனெல் கார்சியாவுடன் சேர்ந்து எழுதினார். அந்த ஆண்டின் லத்தீன் கிராமி விருதுகளில் சிறந்த பாடல், சிறந்த ஒலிப்பதிவு இரண்டும் அதற்கே.

அந்தப் பாட்டுக்கு நான்கு நான்காகத் தாளம் போட்டால் கை வழுக்கும். ஆறு எண்ண வேண்டும். அவர் வளர்ந்தது வேராகுரூஸ் மாநிலத்துக் கொவாத்தெபெக் ஊரில். அந்த மாநிலத்தின் நாட்டுப்புற இசையான 'சோன் ஹரோச்சோ'வில் பல பாட்டுகள் இந்த ஆறில்தான் ஓடுகின்றன. ஒரு கையால் 'தகிட தகிட', மறு கையால் 'தக தக தக' என்று ஒரே நேரத்தில் தட்டிப் பாருங்கள். ஒரே ஆறு, இங்கே இரண்டாகவும் அங்கே மூன்றாகவும் பிரியும். இந்த இழுபறிதான் அந்த இசைக்கு உயிர். 'எல் பலஹூ' என்ற மரபுப் பாட்டில் இது நன்றாகப் பிடிபடும். உலகமே அறிந்த 'லா பம்பா'வும் சோன் ஹரோச்சோதான், ஆனால் அது நான்கில் நடப்பது. அங்கே போய் ஆறைத் தேட வேண்டாம்.

கருவிகளையும் காதால் பிரித்துக்கொள்ளுங்கள். விடாமல் சரசரவென்று தாளம் வாரிக்கொண்டே இருப்பது ஹரானா. பார்வைக்குச் சின்ன கிடார். வழக்கமாக எட்டுத் தந்திகள், நடுவில் உள்ளவை மட்டும் இரட்டை. அதன் மேல் கூர்மையாக மெட்டு வாசிப்பது ரெக்கின்தோ. மாட்டுக் கொம்பில் சீவிய நீண்ட மீட்டுகோலால் மீட்டுவார்கள். மரப்பலகை மேல் ஆடுபவர்களின் காலடியும் ஒரு தாளக் கருவிதான்.

2017 நிலநடுக்கத்தில் வேராகுரூஸின் ஹால்திபானில் இருந்த சோன் ஹரோச்சோ ஆவண மையம் சேதமடைந்தது. அதை மீண்டும் கட்ட நிதி திரட்டும் முயற்சியில் பிறந்தது 2020-இன் 'உன் கான்தோ போர் மெஹிகோ' தொகுப்பு. 'அஸ்தா லா ராயீஸ்' இதில் புது ஏற்பாட்டில் வருகிறது. பழையதையும் புதியதையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். முதலில் மறைவாக ஓடிய தாளம் இரண்டாவதில் வெளியே வந்து நிற்கும்.

2012-இல் மெக்சிகோவின் பழைய இசையமைப்பாளர் அகுஸ்தீன் லாராவின் பாடல்களைப் பாடிய 'முஹேர் திவினா' தொகுப்புதான் திருப்புமுனை என்பேன். அடுத்தவர் பாட்டைப் பாடிப் பாடித்தான் அவருடைய வரிகள் சுருங்கி அழுத்தம் பெற்றன. 2017-இன் 'மூசாஸ்' அதன் நேரடி விளைவு. மூத்த பாடகி சாவேலா வர்காஸுக்கு வாசித்த லோஸ் மக்கோரீனோஸ் என்ற இரு கிடார் கலைஞர்கள் துணையிருக்க, சிலி நாட்டுப் பாடகி வியோலேத்தா பார்ராவின் பாட்டும் இவருடைய சொந்தப் பாட்டும் அக்கம்பக்கமாக வருகின்றன, தையல் தெரியவில்லை.

2022-இன் 'தே தோதாஸ் லாஸ் ஃப்ளோரெஸ்' இசைக்கலைஞர்கள் கூடி வாசிக்க, அனலாக் டேப்பில் பதிவானது. அப்படிப் பதியும்போது ஒருவருடைய ஒலி அடுத்தவர் மைக்கிலும் விழும். ஒரு பிழையை மட்டும் பிறகு வெட்டி எடுப்பது கடினம். அதனால் மூச்சொலியும் விரல் தேய்வும் அப்படியே இருக்கின்றன. கைபேசியின் ஒலிபெருக்கியில் டபுள் பாஸ் என்ற பெரிய தந்திக் கருவியின் ஆழ்ந்த ஒலி காணாமல் போய்விடும். ஹெட்போனில் கேளுங்கள், பாடல் வரிசையையும் கலைக்க வேண்டாம்.