தாலிக்கொடியில் இருந்த ஊக்கு

நடுவர் அவர்களே, எதிரணியில் வீற்றிருக்கும் நண்பர்களே, தாமிரபரணி ஆற்றுக்கு மேற்கே திருநெல்வேலி டவுனில் இருந்தும் கிழக்கே பாளையங்கோட்டையில் இருந்தும் வந்திருக்கும் பெரியவர்களே, தாய்மார்களே, வணக்கம்.

"வீடு மாறுகிற நெருக்கடியில் இருக்கும் இளம் தம்பதி, குடும்பத்துப் பிள்ளைகளின் பட்டமளிப்பு விழாவுக்கு நேரில் போக வேண்டுமா, வாழ்த்து அனுப்பினால் போதுமா?" இதுதான் நமக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு. நேரில் போயே ஆக வேண்டும் என்பது எங்கள் அணி.

எனக்கு முன்னால் பேசிய எதிரணிச் சகோதரர் கணக்கு வைத்துப் பேசினார். ஆடி பிறந்துவிட்டால் நம் பக்கத்தில் யாரும் வீடு மாற மாட்டார்கள், ஆகவே வைகாசியும் ஆனியும்தான் கையில் இருக்கும் நாட்கள் என்றார். ஆண்டுக்குக் கிடைக்கிற 12 நாள் தற்செயல் விடுப்பை விழாவுக்கு விழா கிள்ளிக் கொடுத்தால் மிச்சம் என்ன என்று கேட்டார். தள்ளிப்போட்டால் இரண்டு வீட்டுக்கும் வாடகை என்றார். கடைசியில், விழாவைத்தான் கைப்பேசியிலேயே நேரலையாகக் காட்டுகிறார்களே, பட்டம் எங்கே ஓடிவிடப் போகிறது என்றார். அரங்கில் கைதட்டல் எழுந்தது.

அவர் சொன்னதில் எதுவும் பொய் இல்லை. இந்த வைகாசியிலும் ஆனியிலும் அவ்வளவையும் நானும் என் கணவரும் பட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறோம். டவுனில் ரத வீதியை ஒட்டிய சந்தில் இருந்து ஆற்றுக்கு இந்தப் பக்கம், பாளையங்கோட்டைப் பெருமாள்புரத்துக்கு வீடு மாறினோம். அதே பருவத்தில் எங்கள் குடும்பத்தில் மூன்று பட்டமளிப்பு. ஆனால் நான் பேச வந்ததற்குக் காரணம் இந்த ஆண்டு நடந்தது மட்டும் அல்ல. என்னுடைய பட்டமளிப்பு.

எங்கள் ஊர் முக்கூடல். அம்மா பீடி சுற்றுகிறவர். மடியில் சுளகு, சுளகில் நறுக்கிய இலை, ஓரத்தில் தூள். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்றுதான் கூலி. பேசிக்கொண்டே இருப்பார், கை நிற்காது. எங்கள் வீட்டில் முதலில் கல்லூரிப் படி ஏறியவள் நான். பாளையங்கோட்டையைத் தென்னகத்தின் ஆக்ஸ்போர்டு என்று பெருமையாகச் சொல்கிறோம். பெண்களுக்கென்று சாராள் தக்கர் கல்லூரி 1895இல் இங்கே வந்துவிட்டது. தூய சவேரியார் கல்லூரி 1923இல் வந்துவிட்டது. முக்கூடலில் இருந்து பாளையங்கோட்டை பஸ்ஸில் வருகிற தூரம்தான். அந்தத் தூரத்தைக் கடக்க எங்கள் குடும்பத்துக்கு நூறு ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கிறது.

நான் பட்டம் வாங்கிய வாரத்தில்தான் குடியிருந்த வீட்டைக் காலி செய்ய வேண்டி வந்தது. "சாமான் கட்ட ஆள் இல்லை தாயி, சான்றிதழ் எப்படியும் கைக்கு வந்துவிடும், நீ போய் வாங்கிக்கொண்டு வந்துவிடு" என்றார் அப்பா. அதில் கோபப்பட எதுவும் இல்லை. இன்று எதிரணி சொல்கிற அதே நியாயம்தான். நான் தனியாகப் போனேன். வாடகைக்குத் தந்த கறுப்பு அங்கி எனக்குத் தோளில் பெரிதாக இருந்தது. அதன்மேல் போடுகிற வண்ணப் பட்டை நிற்காமல் சரிந்துகொண்டே இருந்தது. சுற்றிலும் ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு அம்மாவோ அக்காவோ இழுத்துச் சரிசெய்து விட்டுக்கொண்டிருந்தார்கள். நான் இடது கையால் பட்டையைப் பிடித்தபடி மேடை ஏறினேன், வலது கையால் பட்டம் வாங்கினேன். அன்றைக்கு எடுத்த ஒரே புகைப்படத்தில் என் பக்கத்தில் நிற்பது என் தோழியின் அம்மா. அந்த அம்மாள் நல்லவர், பாவம், நான் தனியாக நிற்கிறேனே என்று வந்து நின்றார். படத்தில் என் இடது கை இன்னும் தோளில்தான் இருக்கிறது.

புது வீட்டுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது அம்மா மூட்டை பிரித்துக்கொண்டிருந்தார். எழுந்து போய்ச் சோப்புப் போட்டுக் கையைக் கழுவினார். தூள் வாசம் போகவில்லை என்று மறுபடி கழுவினார். சேலையில் துடைத்துவிட்டுப் பிறகுதான் சான்றிதழைத் தொட்டார். எந்தப் பக்கம் என் பெயர் இருக்கிறது என்று கேட்டார். விரலை வைத்துக் காட்டினேன். அந்த வீட்டில் இரண்டே ஆண்டுதான் இருந்தோம் நடுவர் அவர்களே. அதன் சுவர் என்ன நிறம் என்று கேட்டால் இன்று எங்கள் வீட்டில் யாருக்கும் சொல்லத் தெரியாது.

இந்த வைகாசியில் என் தங்கைக்குப் பட்டமளிப்பு. எங்கள் புது வீட்டில் பால் காய்ச்சக் கிடைத்த முகூர்த்தமும் அதே நாள். என் கணவரிடம் தயங்கித்தான் சொன்னேன். "இரண்டையும் செய்வோம், சாமானை மட்டும் ஆனிக்குத் தள்ளுவோம்" என்றார். விடியும் முன்னே நிறைகுடம், விளக்கு, சாமி படம், உப்பு, மஞ்சள், அரிசி, பருப்பு இவற்றை மட்டும் கொண்டுபோய் வைத்தோம். ஒற்றை அடுப்பில் பால் பொங்கியது. ஆளுக்கு இரண்டு மடக்கு குடித்துவிட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டோம்.

முக்கூடலில் இருந்து அம்மா முதல் பஸ்ஸில் வந்து கல்லூரி வாசலில் நின்றிருந்தார். தங்கைக்கும் அங்கி பெரிதாகத்தான் இருந்தது, அவளுக்கும் பட்டை சரிந்தது. நான் எதுவும் சொல்வதற்குள் அம்மா தன் தாலிக்கொடியில் கோத்து வைத்திருந்த ஊக்குகளில் ஒன்றைக் கழற்றி, பல்லில் கடித்துத் திறந்து, துணி சுருங்காமல் தோளில் குத்திவிட்டார். பீடி சுற்றிச் சுற்றித் தேய்ந்த விரல் அது. நான் திரும்பி நின்றுகொண்டேன்.

அரங்கத்தில் கடைசி வரிசையில் இடம் கிடைத்தது. எல்லாப் பெண்களும் ஒரே கறுப்பு. "நம் பிள்ளை எது?" என்று அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். எனக்கே தெரியவில்லை. ஒலிபெருக்கியில் பெயர்கள் வேகமாகப் போயின. திடீரென்று என் கையைப் பிடித்து, "அதோ, மூன்றாவதாக வருகிறாளே, அவள் நடைதான்" என்றார். நடையை வைத்துக் கண்டுபிடித்துவிட்டார். உடனே எழுந்தும் நின்றுவிட்டார். பின்னால் இருந்தவர் மறைக்கிறது, உட்காருங்கள் என்றார். அம்மா காதில் அது விழவே இல்லை.

நேரலை போதும் என்ற சகோதரரே, அந்த நேரலைப் பதிவை நான் பிறகு பார்த்தேன். என் தங்கை மேடையைக் கடந்தபோது ஒளிப்பதிவுக் கருவி சிறப்பு விருந்தினரின் முகத்தில் நின்றிருந்தது. அவள் கையும் பட்டத்தின் ஒரு முனையும் தெரிகின்றன, அவ்வளவுதான்.

மதினியின் மகனுக்கு யூ.கே.ஜி. முடித்ததற்குப் பள்ளியில் பட்டமளிப்பு வைத்தார்கள். அட்டையில் செய்த தொப்பி போட்டுக்கொள்ளும் குழந்தைகள் விழாவுக்கெல்லாம் போக வேண்டுமா என்று எதிரணியில் கேட்டார்கள். அதற்கு என் கணவர் மட்டும் போனார், நான் வீட்டில் பாத்திரம் கட்டினேன். இருவருமே எல்லாவற்றுக்கும் போக வேண்டும் என்று எங்கள் அணி சொல்லவில்லை. தம்பதி என்றால் இரண்டு பேர், ஒருவராவது அந்தப் பிள்ளையின் கண்ணில் பட வேண்டும். அவன் மேடையில் இருந்து "மாமா" என்று கத்தியதாக மதினி இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

மூன்றாவது என் கொழுந்தனுக்கு. மாமனார் காலமானபோது என் கணவர் பட்டயப் படிப்பை முடித்திருந்தார். மேலே பொறியியல் சேர இடம் கிடைத்திருந்தது. அதை விட்டுவிட்டு ஒரு வாகனப் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தார். தம்பியைப் படிக்க வைத்தது அந்தச் சம்பளம். தாம் அணியாத அங்கியைத் தம்பி அணிவதைப் பார்க்க அவருக்கு ஒரே ஒரு நாள்தான் உண்டு. அந்த நாளில் பீரோவை இறக்கிக்கொண்டிரு என்று அவரிடம் சொல்ல எனக்கு நா எழுமா? உங்களுக்கு எழுமா?

ஆனால் நெருக்கடி உண்மையிலேயே அப்போதுதான் கழுத்தைப் பிடித்தது. நெல்லையப்பர் கோயிலில் ஆனித் திருவிழாக் கொடி ஏறிவிட்டது. சுவாமி தேர், அம்மன் தேர் என்று ஐந்து தேர் ஓடுகிற ரத வீதியில், ஒன்பதாம் நாள் தேரோட்டம் நெருங்க நெருங்க லோடு வண்டியைக் கொண்டுவருவது நடக்காது. அதற்குப் பிறகு என்றால் ஆடி வாசலில் வந்து நிற்கும். இடையில் இருந்த நல்ல சனிக்கிழமையில்தான் விழா.

போனோம். மறுநாள் விடிகாலை நாலரை மணிக்குக் கதவு தட்டும் சத்தம். கொழுந்தன் நிற்கிறான், பின்னால் அவனோடு பட்டம் வாங்கிய ஐந்து பையன்கள். முந்தின நாள் விழாவில் என் கணவரைப் பார்த்துப் பேசியவர்கள், வீடு மாறுகிறோம் என்று கேள்விப்பட்டவர்கள். ஒருவன் கையில் ஸ்பேனர், கட்டிலைக் கழற்றுவதற்கு. எங்கள் பழைய வீட்டு மாடிப்படி ஒரு ஆள் அகலம். அந்தப் படியில் இரும்பு பீரோவைச் சுவரில் ஒரு கீறல் விழாமல் இறக்கினார்கள். கல்யாணத்துக்கு வந்த பத்தமடைப் பாய், எங்கள் இருவர் பெயரையும் கோரையில் நெய்தது, அதை வண்டியில் ஏற்றினால் மடங்கிவிடும் என்று கொழுந்தன் பழைய சேலையில் சுருட்டித் தோளில் வைத்துக்கொண்டு வண்டியின் பின்னால் உட்கார்ந்து வந்தான். தேர் பார்க்கக் கூட்டம் சேர்வதற்கு முன்னால் சந்து காலி. நாங்கள் சனிக்கிழமை வீட்டிலேயே இருந்து சாமான் கட்டியிருந்தால், கூலிக்கு ஆள் பிடித்து, அந்தப் படியில் இன்னொரு நாள் போராடியிருப்போம்.

வாடகைக்கு வருகிறேன். சாமானை ஆனிக்குத் தள்ளியதால் ஒரு மாதம் இரண்டு வீட்டுக்கும் வாடகை கொடுத்தோம். அந்தப் பணம் வலித்தது, மறைக்கவில்லை. அந்த மாதம் ஒரு சிறு நகையை அடகு வைத்தோம், இன்னும் மீட்கவில்லை. ஆனால் அந்த விடிகாலையில் எங்கள் வண்டி ஆற்றைக் கடந்த பாலம் எது? 1843இல் சுலோசன முதலியார் தம் சொந்தப் பணத்தைப் போட்டுக் கட்டிய பாலம். அதற்கு முன்னால் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் படகுதான். ஆற்றின் இரு கரையில் இருப்பவர்கள் ஒருவரை ஒருவர் போய்ப் பார்ப்பதற்காக ஒரு மனிதர் தம் செல்வத்தைக் கொட்டிய ஊரில் நின்றுகொண்டு, தங்கையையும் தம்பியையும் போய்ப் பார்த்ததற்கு ஒரு மாத வாடகை அதிகம் என்று என்னால் பேச முடியாது.

விடுப்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எனக்கு ஒரு நாள், அவருக்கு இரண்டு நாள் சம்பளப் பிடித்தம். அவ்வளவுதான்.

எதிரணிச் சகோதரர் ஒரு சொல் சொன்னார், புதிதாக வாழ்க்கை தொடங்கியவர்கள் முதலில் தங்கள் வீட்டை நிலைநிறுத்தட்டும் என்று. எங்கள் வீட்டில் மூன்று பெட்டி இன்னும் பிரிக்காமல் இருக்கிறது. அடுப்படிப் பரணில் எதை எங்கே வைத்தேன் என்று இன்றும் தேடுகிறேன். அம்மா அடுத்த வாரம் வந்து நான்கு நாள் தங்கி ஒழுங்குபடுத்தித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். தங்கையும் கூட வருகிறாள். அங்கியைத் திருப்பிக் கொடுத்தபோது அந்த ஊக்கைக் கழற்றிப் பத்திரமாக வைத்திருக்கிறாளாம், அம்மாவிடம் கொடுக்க மாட்டாளாம், தனக்கு வேண்டுமாம்.

தீர்ப்பை எங்கள் பக்கம் தாருங்கள் நடுவர் அவர்களே. வணக்கம்.