லாக்லைனில் கடைசி வினைச்சொல்லைப் பாருங்கள்

[திரையில்: ஏற்காடு ரோடு. மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு. அதைத் தாண்டி ஒரு பஸ் மலைப் பக்கம் போகிறது.]

குரல்: டி.ஆர். சுந்தரம் 1930களில் சேலத்தில் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் சினிமா ஸ்டுடியோவில் இன்றைக்கு மிச்சம் நிற்பது இந்த வளைவு. அப்போது கதை எழுதுகிறவர்கள் வேலை தேடிச் சேலத்துக்கு வந்தார்கள். இப்போது நாம் கதையைத் தூக்கிக்கொண்டு சென்னைக்குப் போகிறோம். நாம் போய் இறங்குவதற்கு முன்னால் வாட்ஸ்அப்பில் போய்ச் சேர்வது, கதையைச் சுருக்கிச் சொல்லும் ஒரே ஒரு வாக்கியம். அதற்குப் பெயர் லாக்லைன்.

"ஒன்லைன் அனுப்புங்க" என்று கேட்டால், எதைக் கேட்கிறார்கள் என்று ஒருமுறை உறுதிசெய்துகொள்ளுங்கள். கதைக்கருவையும் ஒன்லைன் என்பார்கள்; எல்லா சீனையும் சீனுக்கு ஒரு வரியாக அடுக்கிய ஆர்டரையும் ஒன்லைன் என்பார்கள். போஸ்டரில் போடும் பஞ்ச் வரி இது இரண்டுமே இல்லை.

[திரையில்: செவ்வாய்ப்பேட்டை. கொலுசுப் பட்டறை. தராசில் வெள்ளி. பக்கத்தில் நோட்டு.]

குரல்: ஒரு கதையை எடுத்துக்கொள்வோம். பட்டறைக்கு வெள்ளி எடை போட்டு வருகிறது; கொலுசாகி எடை போட்டுப் போகிறது. நடுவில் குறைவது சேதாரம். இந்தக் களத்தில் முதல் முயற்சி பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்:

[திரையில்: "சேலத்தில் வாழும் செல்வம் என்ற நல்ல மனிதரின் வாழ்க்கை எதிர்பாராத ஒரு சம்பவத்தால் தலைகீழாக மாறுகிறது. அவர் அதிலிருந்து மீண்டாரா என்பதே மீதிக் கதை."]

குரல்: 'மீதிக் கதை' என்பது விமர்சனம் எழுதுகிறவர்களின் வார்த்தை. அதை அவர்களிடமே விட்டுவிடுங்கள். செல்வம் என்ற பெயர் படிப்பவருக்கு எதையும் சொல்லவில்லை. பெயர் இருக்கும் இடத்தில் தொழிலும் ஒரு குணமும் வரவேண்டும். 'நல்ல மனிதர்' கேமராவில் விழாது. 'எதிர்பாராத சம்பவம்' என்று மூடிவைத்திருப்பதுதான் உங்கள் கதை. அதை மறைத்துவிட்டால் விற்க வேறு சரக்கு இல்லை.

இரண்டாவது முயற்சி.

[திரையில்: "கூலிக்குக் கொலுசு செய்யும் பட்டறைக்காரர், தன்னிடம் கொடுத்த 5 கிலோ வெள்ளி காணாமல் போக, திருட்டுப் பழிக்கு ஆளாகித் தவிக்கிறார்."]

குரல்: தொழில் வந்துவிட்டது, சம்பவமும் வந்துவிட்டது. கடைசிச் சொல்லைப் பாருங்கள்: தவிக்கிறார். தமிழில் முடிக்கும் வினை கடைசியில் வருகிறது, வாக்கியத்தின் மொத்த கனமும் அங்கேதான் இறங்குகிறது. தவிக்கிறார், சிக்கிக்கொள்கிறார், உணர்கிறார் என்று முடிந்தால் நாயகன் சும்மா உட்கார்ந்திருக்கிறான் என்று அர்த்தம். இடைவேளைக்குப் பிறகு கதை படுத்துவிடும் என்பதற்கான அறிகுறி இங்கேயே தெரிகிறது. வினையை மட்டும் மாற்றிப் பூசி மெழுகிப் பயனில்லை. அவர் என்ன செய்யப்போகிறார் என்று கதையில் முடிவெடுக்க வேண்டும்.

[திரையில்: "ஒரு கிராம் சேதாரத்துக்கும் கணக்கு எழுதும் கொலுசுப் பட்டறைக்காரர், காணாமல் போன 5 கிலோ வெள்ளியை எடுத்தது தன் மகன்தான் என்று தெரிந்ததும், வியாபாரி எடை போட வரும் சனிக்கிழமைக்குள் அவனைக் காப்பாற்ற, முதல்முறையாகப் பொய்க்கணக்கு எழுதுகிறார்."]

குரல்: இப்போது நோட்டின் மேல் பேனா நகர்கிறது, அதைப் படம் பிடிக்கலாம். கிராம் கணக்குப் பார்க்கும் ஆளையே பொய்க்கணக்கு எழுத வைத்திருக்கிறோம். குணமும் செயலும் இப்படி மோத வேண்டும். கந்துவட்டிக்காரர் பொய்க்கணக்கு எழுதினால் யாருக்கு என்ன ஆச்சரியம்? மகன் மாட்டுவான் என்பது ஆபத்து, சனிக்கிழமை என்பது கெடு. பிழைத்தாரா இல்லையா என்று சொல்லவில்லை. முடிவைச் சொல்ல வேண்டிய இடம் கதைச்சுருக்கம்.

இதில் 27 சொற்கள். ஆங்கிலத்தில் 25 முதல் 35 சொல் என்பார்கள். தமிழில் வேற்றுமையும் இடைச்சொல்லும் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால் 30 தாண்டினால் நாக்கு தடுக்கும். சொல்லை எண்ணுவதைவிட சத்தமாக வாசித்துப் பாருங்கள். 15 நொடிக்கு மேல் போனால், நடுவில் ஒரு சம்பவத்தை அடுத்த சம்பவத்தோடு கோக்கும் 'போக, வர' போன்ற எச்சங்கள் குவிந்திருக்கும். அப்படிக் கோக்கும் எச்சம் மூன்றுக்கு மேல் இருந்தால் நீங்கள் சீன்களைச் சொல்லத் தொடங்கிவிட்டீர்கள்.

[திரையில்: ஏற்காடு மலைப்பாதை. கொண்டை ஊசி வளைவு.]

குரல்: 'ஏற்காட்டின் அழகிய பின்னணியில்' என்று எழுதாதீர்கள். ஊர் நாயகனுக்கு ஒரு கதவை அடைத்தால் மட்டும் ஊருக்கு இடம் கொடுங்கள். 'மண்சரிவில் மலைப்பாதை அடைபட்ட இரவில், பிரசவ வலியில் இருக்கும் பெண்ணை ஜீப் டிரைவர் சேலத்துக்கு இறக்குகிறார்' என்றால் ஏற்காடு வேலை செய்கிறது. சேலத்துக்காரர் உடனே கேட்பார்: "குப்பனூர் வழி இருக்கே?" நியாயமான கேள்வி. 'இரண்டு பாதையும் அடைபட்ட' என்று ஒரு திருத்தம் போதும். திரைக்கதையிலும் அந்த ஓட்டை அடைபடும்.

சோதித்துப் பார்க்க ஒரு வழி. தட்டுவடை செட் கடையில் நண்பரிடம் ஒருமுறை சொல்லுங்கள். விளக்காதீர்கள். சாப்பிட்டு முடித்து அரை மணி கழித்து அவரையே திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். அவர் விட்டுவிட்டது பெரும்பாலும் வெட்ட வேண்டியது. மாற்றிச் சொன்னது நீங்கள் குழப்பி எழுதியது. "நல்லா இருக்கு" என்பதை மதிப்பெண்ணாக எடுத்துக்கொள்ளாதீர்கள், அது தட்டுவடைக்கும் சேர்த்துச் சொன்னதாக இருக்கலாம்.

[திரையில்: கணினி. மெயில்.]

குரல்: அனுப்புவதற்கு முன் ஒன்று. வெறும் கருவுக்குக் காப்புரிமை (காப்பிரைட்) கிடையாது, 1978ல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. அதனால் லாக்லைனை மட்டும் கையில் வைத்துக்கொண்டு ஊரெல்லாம் சொல்லாதீர்கள். முழுத் திரைக்கதையை, குறைந்தது விரிவான கதைச்சுருக்கத்தையாவது, எழுதித் தேதியோடு பதிவுசெய்த பிறகு அனுப்புங்கள். லாக்லைனை பிடிஎஃப்பில் இணைக்காமல் மெயிலின் முதல் வரியாகவே போடுங்கள். அதன் கீழே படத்தின் வகை, உங்கள் பெயர், போன் நம்பர். முழுக்கதை, அவர்கள் கேட்டால் அடுத்த மெயிலில்.