கேள்வி எழுப்பும் படம் விடையும் சொல்ல வேண்டுமா?

நேயர்களுக்கு வணக்கம்.

படம் முடிந்து விளக்குகள் எரிந்ததும் திரையரங்குகளில் அடிக்கடி கேட்கும் புகார் ஒன்று உண்டு: "கடைசியில் என்ன ஆயிற்று என்று சொல்லவே இல்லையே!" டிக்கெட் வாங்கி, இரண்டரை மணி நேரம் கண் கொட்டாமல் பார்த்தவரின் ஆதங்கம் அது. சினிமாவைப் பற்றி எழுதுகிறவர்களில் சிலர் இதை ரசனைக் குறைவு என்று தள்ளிவிடுகிறார்கள். அப்படித் தள்ள எனக்கு மனம் வரவில்லை. அந்தப் புகாரில் பாதிக்கு மேல் நியாயம் இருக்கிறது.

துப்பாக்கியை எடுத்தது யார், பணம் எங்கே போனது, அவனுக்கு முன்பே தெரியுமா தெரியாதா என்பன போன்ற கேள்விகள் கதைக்குள் நடந்த சம்பவங்களைப் பற்றியவை. படம் எடுத்தவருக்கு இவற்றின் விடை தெரிந்திருக்க வேண்டும். தெரிந்துகொண்டே நம்மைக் காக்க வைத்தவர், கடைசியில் கையை விரிப்பது முறையல்ல. அவன் செய்தது சரியா, அவளுக்கு வேறு வழி இருந்ததா என்பவை வேறு ஜாதிக் கேள்விகள். இவற்றில் இயக்குநருக்கு நம்மைவிட அதிகம் தெரியும் என்று சொல்ல முடியாது.

1954இல் எஸ். பாலசந்தர் இயக்கி வெளிவந்த 'அந்த நாள்' படத்தை நினைத்துப் பாருங்கள். ஒரு பாட்டுக்கூட இல்லாத படம். தொடக்கத்திலேயே ஒரு ரேடியோ என்ஜினீயர் சுட்டுக் கொல்லப்படுகிறார். ஒவ்வொருவர் வாக்குமூலமும் சந்தேகத்தை வேறொருவர் மீது திருப்பிவிடுகிறது. கடைசியில் கொன்றது யார் என்று படம் சொல்லிவிடுகிறது. இதுவரை பார்க்காதவர்களுக்காக அந்தப் பெயரை இங்கே நான் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பெயர் தெரிந்த பிறகுதான் மனத்தை அறுக்கும் கேள்வியே பிறக்கிறது: நாட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே ஒருவர் நிறுத்தப்பட்டால் என்ன செய்வது? கொலையாளி யார் என்பதை மறைத்திருந்தால் இந்தக் கேள்விக்கு நாம் வந்தே சேர்ந்திருக்க மாட்டோம். சின்னக் கேள்விக்குச் சொன்ன விடைதான் பெரிய கேள்வியைத் திறந்து வைத்தது.

இதை இன்னும் நுட்பமாகச் செய்த படம், ஈரானிய இயக்குநர் அஸ்கர் ஃபர்ஹாதியின் 'எ செபரேஷன்'. 2011இல் வந்தது. கதையைக் கொஞ்சம் சொல்லியே ஆக வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். மனைவி சிமின் நாட்டைவிட்டுப் போக விரும்புகிறாள். கணவன் நாதெர், மறதி நோயால் பாதிக்கப்பட்ட தன் தந்தையை விட்டுவிட்டு வர மறுக்கிறான். அவள் பிறந்த வீட்டுக்குப் போய்விடுகிறாள். முதியவரைப் பார்த்துக்கொள்ள ரஸியே என்ற ஏழைப் பெண் வேலைக்கு வருகிறாள். ஒரு நாள் நாதெர் வீடு திரும்பும்போது தந்தை கட்டிலோடு கட்டப்பட்ட நிலையில் தரையில் கிடக்கிறார். மேசை இழுப்பறையில் இருந்த பணத்தையும் காணவில்லை. ஆத்திரத்தில் ரஸியேயை வாசலுக்கு வெளியே தள்ளுகிறான். அவள் கரு கலைகிறது. வழக்கு நீதிமன்றத்துக்குப் போகிறது.

பணத்தை எடுத்தது யார்? படத்தின் ஆரம்பத்தில், சாமான் தூக்கிய ஆட்கள் கூடுதல் கூலி கேட்கும்போது சிமின் அந்த இழுப்பறையிலிருந்து பணம் எடுத்துக் கொடுப்பதை நாமே பார்த்திருக்கிறோம். பார்த்துவிட்டு மறந்தும்விட்டோம். ரஸியே மீது திருட்டுப் பழி விழும்போது அரங்கில் எத்தனை பேருக்கு அது நினைவுக்கு வருகிறது? விடையை நம் கண்ணெதிரே வைத்துவிட்டு, எவ்வளவு சுலபமாக நாமும் அவளைச் சந்தேகிக்கிறோம் என்பதைக் காட்டிவிடுகிறார் ஃபர்ஹாதி. அவள் கருவுற்றிருப்பது நாதெருக்குத் தெரியுமா? தெரியும் என்று மகளிடம் அவனே ஒப்புக்கொள்கிறான். கரு கலைந்தது அவன் தள்ளியதாலா? முந்தின நாளே கார் ஒன்று தன்மீது மோதியதை ரஸியே பின்னால் சொல்கிறாள். ஆக, சம்பவங்களைப் பற்றிய முடிச்சுகள் எல்லாம் அவிழ்ந்துவிடுகின்றன.

கடைசிக் காட்சியில் நீதிபதி மகள் தெர்மேயிடம் கேட்கிறார்: அப்பாவோடு இருக்கப் போகிறாயா, அம்மாவோடா? முடிவு செய்துவிட்டேன் என்கிறாள் அந்தச் சிறுமி. பெற்றோர் முன்னிலையில் அதைச் சொல்ல அவளால் முடியவில்லை. அவர்கள் வெளியே போய் நடைவழியில் தள்ளித் தள்ளிக் காத்திருக்கிறார்கள். அப்படியே பெயர்கள் ஓடத் தொடங்கிப் படம் முடிகிறது.

இங்கே யாராவது தங்களை ஏமாற்றிவிட்டதாகச் சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். இரண்டு பேரின் நல்லது கெட்டது முழுவதும் நம் கையில் இருக்கிறது. அப்பாவைக் காப்பாற்ற அந்தப் பிள்ளை பொய் சொன்னதையும், சொல்லிவிட்டு அழுததையும் பார்த்துவிட்டோம். யாரைத் தேர்ந்தெடுத்தாள் என்று சொல்லியிருந்தால், படம் ஒரு பக்கத்துக்குத் தீர்ப்பு எழுதியதாக ஆகியிருக்கும். தேர்ந்தெடுக்கும்படி ஒரு பிள்ளையை நிற்கவைத்ததே கொடுமை என்ற எண்ணம் பின்னுக்குப் போயிருக்கும்.

முடிவைத் திறந்து விடலாம், ஆனால் யோசிக்கத் தேவையானதை எல்லாம் கொடுத்துவிட்டுத்தான் விட வேண்டும். என் அளவுகோல் இதுதான். பாதி விஷயத்தை மறைத்துவிட்டு "முடிவு பார்வையாளர் கையில்" என்று சொல்கிற படத்தை நான் மதிப்பதில்லை. அதை எடுத்தவருக்கே முடிவு தெரியவில்லை என்றுதான் எடுத்துக்கொள்கிறேன்.

என் அளவுகோலுக்கு அடங்காத ஒரு படமும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். இத்தாலிய இயக்குநர் அந்தோனியோனியின் 'லவென்ச்சுரா', 1960. அன்னா என்ற பெண் நண்பர்களோடு ஒரு தீவுக்குப் போனவள் காணாமல் போகிறாள். தேடுகிறார்கள். அவள் கிடைக்கவில்லை, என்ன ஆனாள் என்று கடைசிவரை தெரியவுமில்லை. கான் திரைப்பட விழாவில் கூச்சலிட்டார்கள். அதே விழாவில் நடுவர் குழுப் பரிசும் கிடைத்தது. சம்பவத்தைப் பற்றிய கேள்விக்கே விடை சொல்லாத இந்தப் படத்தை நான் ஏன் ஏற்கிறேன்? அன்னாவின் காதலனும் தோழியும் தேடப் புறப்பட்டு, ஒருவரை ஒருவர் நாடத் தொடங்கிவிடுகிறார்கள். கொஞ்ச நேரத்தில் அவர்களோடு சேர்ந்து நாமும் அன்னாவை மறந்துவிடுகிறோம். காணாமல் போன ஒருத்தியை மனிதர்கள் எவ்வளவு சீக்கிரம் மறக்கிறார்கள் என்பதே படத்தின் விஷயம். அவள் திரும்பி வந்திருந்தால் இந்தக் குற்ற உணர்வு நமக்கு வந்திருக்காது. இப்படித் துணிகிறவர்கள் அபூர்வம். துணிந்து வெற்றி பெறுகிறவர்கள் அதைவிட அபூர்வம்.

வலுக்கட்டாயமாக விடை சொல்ல வைத்த காலமும் இருந்தது. அமெரிக்காவில் 1934 முதல் 1968 வரை படத் தயாரிப்பாளர்களே வகுத்துக்கொண்ட ஒழுக்க விதிகள் நடைமுறையில் இருந்தன. குற்றம் செய்தவன் தப்பியதாகக் காட்டக் கூடாது. ஆகவே அன்றைய குற்றப் படங்கள் பலவற்றில் கடைசி ஐந்து நிமிடம் வேறு யாரோ எழுதியதைப் போல இருக்கும். விதிகள் போன பிறகும் அந்தப் பழக்கம் முழுதாகப் போகவில்லை. 1982இல் 'பிளேடு ரன்னர்' படத்தை முன்னோட்டமாகப் பார்த்தவர்கள் குழம்பினார்கள் என்பதற்காக, விளக்கம் சொல்லும் பின்னணிக் குரலையும் மகிழ்ச்சியான முடிவையும் ஒட்டவைத்து வெளியிட்டார்கள். பத்து ஆண்டுகள் கழித்து அவை இரண்டும் இல்லாமல் படம் மறுபடியும் வந்தது. இன்று ரசிகர்கள் கொண்டாடுவது அந்தக் குழப்பத்தைத்தான்.

சமூகக் கொடுமைகளைப் பேசும் படங்களிடம் எனக்கு உண்மையான வருத்தம் ஒன்று உண்டு. தலைமுறை தலைமுறையாகத் தீராத ஒரு அநீதியை இரண்டு மணி நேரம் நேர்மையாகக் காட்டுவார்கள். பிறகு கதாநாயகன் நீதிமன்றக் கூண்டில் ஏறி நின்று ஒரு நீண்ட வசனம் பேசுவான். அல்லது வில்லனை அடித்து வீழ்த்துவான். கைதட்டல் எழும். பார்த்தவர் மனத்திலிருந்த பாரம் இறங்கிவிடும். அந்தப் பாரம் இறங்கியிருக்கக் கூடாது! வெளியே அந்த அநீதி ஒரு அங்குலம்கூட நகரவில்லையே.

1948இல் இத்தாலிய இயக்குநர் டி சிகா எடுத்த 'பைசிக்கிள் தீவ்ஸ்' அந்தத் தவறைச் செய்யவில்லை. கதாநாயகனுக்குக் கிடைத்த வேலைக்குச் சைக்கிள் வேண்டும். அடகில் இருக்கும் சைக்கிளை மீட்க, மனைவி வீட்டிலுள்ள படுக்கை விரிப்புகளை எல்லாம் கொண்டுபோய் வைக்கிறாள். அடகுக் கடை ஊழியர் அந்த மூட்டையைத் தூக்கிக்கொண்டு அடுக்கின்மேல் ஏறுகிறார். ஏறிக்கொண்டே இருக்கிறார். கூரை வரைக்கும் அதே போன்ற விரிப்பு மூட்டைகள். ஒவ்வொன்றும் ஒரு குடும்பத்தினுடையது. சில நொடிகள்தான் அந்தக் காட்சி. இந்த வறுமைக்கு யார் காரணம் என்று யாரும் வசனம் பேசவில்லை. ஆனால் இது ஒரு மனிதனின் துரதிர்ஷ்டம் மட்டுமில்லை என்பது நமக்கு அங்கேயே விளங்கிவிடுகிறது. சைக்கிள் திருடு போகிறது. கடைசிவரை கிடைப்பதில்லை. நாளைக்கு அவர்கள் எப்படிச் சாப்பிடுவார்கள் என்று படம் சொல்லவில்லை. போருக்குப் பிந்தைய ரோம் நகரத்தில் அதற்கு விடை கிடையாது. இல்லாத விடையைப் படம் எங்கிருந்து கொண்டுவரும்? சைக்கிள் கிடைத்ததாக முடித்திருந்தால், அந்த அடுக்கில் இருந்த மற்ற மூட்டைகளுக்கு என்ன பதில்?

இந்த நாளில் இன்னொரு வழக்கம் பரவி வருகிறது. முதல் பாகத்தில் கேள்வியை எழுப்பிவிட்டு, "விடை இரண்டாம் பாகத்தில்" என்று அறிவிப்பது. இரண்டு பாகங்களுக்குப் போதுமான கதை இருந்தால் சரிதான். ஆனால் ஒரே படத்தில் சொல்லியிருக்க வேண்டிய பெயரையோ காரணத்தையோ பிடித்துவைத்துக்கொண்டு அடுத்த டிக்கெட்டுக்கு அழைப்பது, திறந்த முடிவு ஆகாது. தொடக்கத்தில் நான் சொன்ன ரசிகர் அப்போது புகார் சொன்னால், நானும் அவர் பக்கம்தான்.

வாய்ப்புக்கு நன்றி. வணக்கம்.