மோட்டாரை வெறும் ரெசிஸ்டராக நினைத்தால் டிரைவர் எரியும்

(திரையில்: நான்கு சுவிட்சுகள், நடுவில் ஒரு மோட்டார். ஹெச்-பிரிட்ஜ் படம்.)

12 வோல்ட் டிசி மோட்டார் ஒன்று இருக்கிறது. சுருளின் மின்தடை 2 ஓம். ஓம் விதிப்படி எவ்வளவு இழுத்தாலும் 6 ஆம்பியர்தான். 8 ஆம்பியர் தாங்கும் டிரைவர், அதாவது மோட்டாரை இரு திசையிலும் ஓட்டும் ஹெச்-பிரிட்ஜ் சர்க்யூட், தாராளம் என்று மாட்டுகிறோம். முன்பக்கம் அருமையாகச் சுற்றுகிறது. ஓடிக்கொண்டிருக்கும்போதே சட்டென்று ரிவர்ஸ் கொடுத்தால் டிரைவர் போய்விடுகிறது.

டிரைவரைக் குறை சொல்ல முடியாது. நாம் மோட்டாருக்குப் போட்ட மாடல்தான் அரைகுறை.

(திரையில்: மோட்டார் குறி மறைந்து, அதே இடத்தில் ரெசிஸ்டர், இண்டக்டர், வோல்டேஜ் சோர்ஸ் மூன்றும் தொடராக.)

மோட்டாருக்குள் மூன்று பொருள்கள் தொடராக இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். சுருளின் மின்தடை, கரண்ட் சட்டென்று மாறுவதைத் தடுக்கும் சுருளின் இண்டக்டன்ஸ், சுற்றும் வேகத்துக்கு ஏற்ப உருவாகி சப்ளையை எதிர்க்கும் வோல்டேஜான பேக் ஈஎம்எஃப். நம் மோட்டாரில் இண்டக்டன்ஸ் 1 மில்லிஹென்றி. பேக் ஈஎம்எஃப், நொடிக்கு ஒரு ரேடியனுக்கு 0.02 வோல்ட்.

சுமை இல்லாமல் ஓடும்போது 0.3 ஆம்பியர் இழுக்கிறது என்றால், மின்தடையில் விழுவது 0.6 வோல்ட். மீதி 11.4 வோல்ட் முழுக்க பேக் ஈஎம்எஃப். வேகம் நிமிடத்துக்கு 5,400 சுற்றுக்குக் கொஞ்சம் மேல்.

இப்போது பிரிட்ஜைத் திருப்புங்கள். சப்ளையின் 12 வோல்ட் திசை மாறிவிட்டது. மோட்டாரின் சுற்றும் பாகமான ரோட்டர் இன்னும் பழைய திசையிலேயே சுற்றுவதால் 11.4 வோல்ட் அப்படியே இருக்கிறது. இரண்டும் இப்போது ஒரே பக்கம் சேர்ந்துகொள்கின்றன. 23.4 வோல்ட், 2 ஓம்: 11.7 ஆம்பியர். இண்டக்டன்ஸ் தடுக்காதா என்று கேட்கலாம். 1 மில்லிஹென்றியை 2 ஓமால் வகுத்தால் 0.5 மில்லிசெகண்ட். அவ்வளவு நேரம்தான் இழுத்தடிக்கும்.

(திரையில்: பேக் ஈஎம்எஃப் இருந்த இடத்தில் ஒரு பெரிய கெபாசிட்டர்.)

ரோட்டர் எவ்வளவு நேரம் சுற்றிக்கொண்டிருக்கும்? இதற்கு எனக்கு ரொம்பப் பிடித்த வழி ஒன்று உண்டு. கரண்ட் டார்க்கை (திருப்பு விசையை) தருகிறது, டார்க் வேகத்தைக் கூட்டுகிறது, வேகம் வோல்டேஜாகத் திரும்பி வருகிறது. கரண்ட் பாயப் பாய வோல்டேஜ் ஏறும் பொருள் கெபாசிட்டர்தானே! ரோட்டரின் நிலைமத் திருப்புத்திறனை (வேகம் மாறுவதை அது எவ்வளவு எதிர்க்கிறது என்ற அளவை), பேக் ஈஎம்எஃப் மாறிலி, டார்க் மாறிலி இரண்டின் பெருக்கத்தால் வகுத்தால் அதன் மதிப்பு கிடைத்துவிடும். எஸ்ஐ அலகில் அந்த இரண்டு மாறிலிகளும் ஒரே எண்.

நம் ரோட்டரின் நிலைமம் 0.00001 கிலோகிராம் சதுர மீட்டர் என்றால் விடை 25,000 மைக்ரோஃபாரட். அதை 2 ஓமால் பெருக்கினால் 50 மில்லிசெகண்ட். இண்டக்டன்ஸின் 0.5 மில்லிசெகண்டைவிட நூறு மடங்கு. ரோட்டர் வேகம் குறைவதற்குள் கரண்ட் உச்சத்தைத் தொட்டுவிடுகிறது. எல்டிஸ்பைஸ் என்ற சர்க்யூட் சிமுலேஷன் மென்பொருளில் இந்த மூன்று பாகங்களை மட்டும் போட்டு ஓட்டினாலே இது படமாகத் தெரியும். உராய்வு வேண்டுமென்றால் கெபாசிட்டருக்கு இணையாக ஒரு ரெசிஸ்டர்.

சரி, டிரைவர் பக்கம். இது சுலபம். எல்298 போன்ற பழைய பைபோலார் டிரைவரை ஒரு வோல்டேஜ் இழப்பாக மாடல் செய்யுங்கள். 1 ஆம்பியரில் மேல், கீழ் டிரான்சிஸ்டர்கள் இரண்டும் சேர்ந்து சுமார் 2.5 வோல்ட்டை விழுங்கிவிடும். 12 கொடுத்தால் மோட்டாருக்குப் போவது 9.5தான்; 2.5 வாட் வெப்பமாகிறது. மாஸ்ஃபெட் வகை டிரான்சிஸ்டர் என்றால் வெறும் ரெசிஸ்டர் போதும். 20 மில்லிஓம் மாஸ்ஃபெட் இரண்டு என்றால் அதே 1 ஆம்பியருக்கு 0.04 வோல்ட்.

(திரையில்: பிடபிள்யூஎம் அலையும் அதன் கீழே கரண்ட் அலையும்.)

வேகத்தைக் கட்டுப்படுத்த சப்ளையை விடாமல் வேகமாகப் போட்டு அணைப்பதுதான் பிடபிள்யூஎம்; ஒரு சுற்றில் போட்டிருக்கும் நேரத்தின் பங்கு டியூட்டி. அதன் அதிர்வெண்ணையும் இண்டக்டன்ஸின் அந்த 0.5 மில்லிசெகண்டை வைத்தே முடிவு செய்யலாம். 20 கிலோஹெர்ட்ஸில், பாதி டியூட்டியில், கரண்ட் 0.15 ஆம்பியர் அளவுக்கே ஏறி இறங்கும். ஆர்டுயினோ ஊனோ என்ற மைக்ரோகன்ட்ரோலர் போர்டின் பெரும்பாலான பின்களில் இயல்பாக வருவது சுமார் 490 ஹெர்ட்ஸ். ஒரு சுற்றுக்கு 2 மில்லிசெகண்ட். அதில் அணைந்திருக்கும் 1 மில்லிசெகண்டுக்குள் கரண்ட் கிட்டத்தட்ட வடிந்துவிடும். மோட்டார் கீச்சிடும், வீணாகச் சூடாகும்.

மாடலுக்கான எண்களை எங்கே பிடிப்பது? மின்தடையை மல்டிமீட்டரால் நேரடியாக அளக்காதீர்கள். மீட்டர் அனுப்பும் சிறிய கரண்டில் பிரஷ் தொடுப்பு கணக்கைக் கெடுக்கும். ஷாஃப்ட்டை அசையாமல் பிடித்து, 1 வோல்ட் கொடுத்து, கரண்டைப் பாருங்கள். ஷாஃப்ட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, சில இடங்களில் அளந்து சராசரி எடுங்கள். பேக் ஈஎம்எஃப்புக்கு, மோட்டாரை டிரில்லில் பூட்டித் தெரிந்த வேகத்தில் சுற்றி, திறந்த முனைகளில் வோல்டேஜை அளந்தால் முடிந்தது.

(திரையில்: கெபாசிட்டரிலிருந்து சப்ளை பக்கம் ஓடும் அம்புக்குறி.)

கடைசியாக, பலர் மறந்துவிடும் ஒன்று. அந்த 25,000 மைக்ரோஃபாரடில், அதாவது சுற்றும் ரோட்டரில், 1.6 ஜூல் ஆற்றல் தேங்கியிருக்கிறது. டியூட்டியைச் சடாரென்று குறைத்தால் பிரிட்ஜே வோல்டேஜை ஏற்றித் தரும் பூஸ்ட் கன்வர்ட்டராக மாறி அதைச் சப்ளை பக்கம் தள்ளும். சாதாரண அடாப்டர் கரண்டைத் திரும்ப வாங்காது. சப்ளை முனையில் இருப்பது 1,000 மைக்ரோஃபாரட் மட்டும் என்றால், பாதி ஆற்றல் வழியிலேயே வெப்பமாகிப் போனாலும் அங்கே வோல்டேஜ் 42 வரை ஏறும். 12 வோல்ட்தானே என்று 30 வோல்ட் மாஸ்ஃபெட் போட்டிருந்தால் அது அங்கேயே காலி.

அதனால் டியூட்டியைப் படிப்படியாக இறக்குங்கள். அது முடியாத இடத்தில், சப்ளை 16 வோல்ட்டைத் தாண்டினால் மட்டும் ஒரு பிரேக் ரெசிஸ்டரை இணைக்கும் சுவிட்ச் வையுங்கள். அந்த ரெசிஸ்டரின் மதிப்பை அடுத்த வீடியோவில் இதே மாடலை வைத்துக் கணக்கிடுவோம்.