பிள்ளை போதைப் பக்கம் போகாமலிருக்க அப்பா அம்மாவுக்கும் வகுப்பு

(திரையில்: அமெரிக்க வரைபடம், நடுவே அயோவா மாநிலம்)

வணக்கம். போதைத் தடுப்பு என்றதும் பிள்ளைகளைக் கூப்பிட்டு உட்காரவைத்து அறிவுரை சொல்வதுதான் வழக்கம். அப்பா அம்மாவை யாரும் கூப்பிடுவதில்லை. 1993-இல் அயோவா மாநிலத்தில் தொடங்கிய ஓர் ஆய்வு அவர்களையும் கூப்பிட்டது.

கிராமப்புறத்தில் 33 பள்ளிகள். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளின் குடும்பங்கள். பெரும்பாலானோர் இன்னும் பழக்கத்தில் விழுந்துவிடாத வயது என்பதால்தான் ஆறாம் வகுப்பு. ரிச்சர்ட் ஸ்போத் என்ற ஆய்வாளரின் குழு பள்ளிகளை மூன்று பிரிவாக்கியது. ஒரு பிரிவுக்கு ஏழு வாரப் பயிற்சி. இன்னொன்றுக்கு, பெரும்பாலும் பெற்றோருக்கு மட்டுமான ஐந்து வகுப்புகள். மூன்றாவது பிரிவுக்கு வகுப்பு எதுவும் இல்லை, தபாலில் சில துண்டுப் பிரசுரங்கள் மட்டும்.

(திரையில்: இரண்டு அறைகள், நடுவே ஒரு கதவு)

அந்த ஏழு வாரப் பயிற்சியைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். பெரும்பாலும் ஒவ்வொரு முறையும் இரண்டு மணி நேரம். முதல் ஒரு மணி நேரம் பெற்றோர் ஓர் அறையில், பிள்ளைகள் இன்னோர் அறையில். அடுத்த ஒரு மணி நேரம் எல்லோரும் ஒன்றாக.

பெற்றோர் பக்கம் என்ன நடக்கும்? பையன் சொன்ன நேரத்துக்கு வீடு திரும்பவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆத்திரத்தில், "இனி ஒரு மாசம் வெளியே போகக்கூடாது" என்று கத்திவிடுகிறோம். மூன்றாம் நாளே மனசு கேட்காமல் விட்டுவிடுகிறோம். அப்புறம் நம் சொல்லுக்கு என்ன மதிப்பு? சின்னத் தப்புக்குச் சின்னத் தண்டனை, ஆனால் சொன்னதைச் செய்வது, கூடவே பாசத்தைக் குறைக்காமல் இருப்பது: இதைத்தான் அங்கே பழகுகிறார்கள். பக்கத்து அறையில், நண்பன் வற்புறுத்தினால் நட்பு முறியாமல் எப்படி மறுப்பது என்று பிள்ளைகள் நடித்துப் பார்க்கிறார்கள்.

இரண்டாவது மணி நேரம்தான் என் கண்ணில் இதன் உயிர். குடும்பமாக உட்கார்ந்து வீட்டு விதிகளைப் பேசுகிறார்கள். பிள்ளையின் கனவு என்ன என்று கேட்கிறார்கள். சில வீடுகளில் அந்தப் பேச்சே அன்றுதான் முதல்முறையாக நடந்திருக்கும்.

நான்கு வருஷம் கழித்துப் பத்தாம் வகுப்பில் விசாரித்தபோது, அந்த ஏழு வாரப் பிரிவில் குடியையும் சிகரெட்டையும் தொடங்கியவர்கள் மூன்றாவது பிரிவைவிடக் குறைவு. தொடங்குவது தள்ளிப்போனாலே பெரிய லாபம்தான். சின்ன வயதிலேயே குடிக்க ஆரம்பித்தவர்கள்தான் பிற்பாடு அதிகம் அடிமையாகிறார்கள்.

சரி, எல்லா ஊரிலும் இது பலித்ததா? இல்லை. சுவீடன், போலந்து, வேல்ஸ் ஆகிய இடங்களில் நடந்த ஆய்வுகளில் இந்தப் பலன் தெரியவில்லை. சுவீடனில் பெற்றோரையும் பிள்ளைகளையும் பெரும்பாலும் தனித்தனியாகவே உட்காரவைத்தார்கள். காரணம் அது மட்டும்தான் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த இரண்டாவது மணி நேரத்தை வெட்டிவிட்டு இதை நடத்துவதில் எனக்குச் சம்மதமில்லை.

நடத்துபவர்களுக்குப் பெரிய பாடு, வேலை முடிந்து களைத்து வரும் பெற்றோரை வரவழைப்பதுதான். அதனால் பல இடங்களில் சாப்பாடு போடுகிறார்கள், கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வைக்கிறார்கள், வண்டி ஏற்பாடு செய்கிறார்கள். இதற்கான செலவையும் பயிற்சிச் செலவோடு சேர்த்தே திட்டமிட வேண்டும்.