ஒரு கோப்பையும் இல்லை

நேயர்களுக்கு வணக்கம்.

'ஜாம்பவான்' என்ற சொல்லை நம் விளையாட்டுப் பக்கங்கள் தாராளமாகவே வழங்குகின்றன. மூன்று சீசன் ஆடி இரண்டு கோப்பை தூக்கிவிட்டால் போதும், பட்டம் கட்டிவிடுவார்கள். அண்மையில் ரயிலில் எதிரே உட்கார்ந்திருந்த ஓர் இளைஞரும் இதையேதான் சொன்னார். "எத்தனை கோப்பை ஜெயிச்சார்னு சொல்லுங்க சார், ஜாம்பவானா இல்லையான்னு நான் சொல்றேன்."

"ஒண்ணுகூட இல்லை" என்றேன். யாரைச் சொல்கிறேன் என்று அவருக்குப் பிடிபடவில்லை.

நான் சொன்னது கால்பந்து ஆட்டக்காரர் மேட் லே டிசியே. இங்கிலாந்தின் தென்கரைத் துறைமுக நகரம் சவுத்தாம்ப்டன். அந்த ஊர் கிளப்புக்கு 1986-இல் ஆட வந்தபோது அவருக்கு 17 வயது. 2002-இல் ஓய்வு பெறும்வரை வேறு கிளப் சட்டையே போடவில்லை. 540 ஆட்டங்கள், 209 கோல்கள். பெரிய கோப்பை எதுவும் கிடையாது. ரசிகர்கள் அவர் பெயரையே கொஞ்சம் மாற்றி 'லே காட்' என்று கூப்பிட்டார்கள். கடவுள் என்று.

ஓட்டத்துக்குப் பேர்போனவர் அல்ல அவர். பல நேரம் மைதானத்தில் உலாவுவது போலத்தான் இருக்கும். ஆனால் பந்து காலுக்கு வந்துவிட்டால் கதை வேறு. 1993 அக்டோபரில் நியூகாசிலுக்கு எதிராகப் போட்ட கோலைப் பாருங்கள். பின்னால் போய்விட்ட பந்தைக் குதிகாலால் முன்னே இழுத்து, ஒருவரைக் கடந்து, அடுத்தவர் தலைக்கு மேலே தூக்கிவிட்டு, பிறகு நிதானமாக வலைக்குள் தள்ளினார். அதற்கு முந்தைய ஆட்டங்களில் இவரை வெளியே உட்கார வைத்திருந்தார் மேனேஜர் இயான் பிரான்ஃபுட்! நீளமாக உதைத்துவிட்டுத் துரத்தும் ஆட்டத்துக்கு இவர் சரிப்படவில்லையாம்.

1994 தொடக்கத்தில் பிரான்ஃபுட் போனார், ஆலன் பால் வந்தார். 1966-இல் உலகக் கோப்பை வென்றவர், விஷயம் தெரிந்தவர். பயிற்சியில் லே டிசியேயை நடுவில் நிறுத்தி, பந்து கிடைத்தால் இவரிடம் கொடுங்கள் என்று மற்றவர்களிடம் சொல்லிவிட்டார். அவ்வளவுதான் திட்டம். அந்த சீசனில் சவுத்தாம்ப்டன் லீக்கில் போட்ட 49 கோல்களில் 25 இவருடையவை. கடைசி நாளில் வெஸ்ட் ஹாமுடன் 3-3 டிரா. அதிலும் இரண்டு இவருடையது. கீழ் டிவிஷனுக்கு இறங்காமல் அணி தப்பியது ஒரே ஒரு புள்ளியில்.

பெரிய கிளப் ரசிகருக்கு இது சாதனையாகத் தெரியாது. பதினெட்டாம் இடம் பிடித்ததற்கா கொண்டாட்டம் என்பார். சின்ன கிளப்பைப் பிடித்துக்கொண்டு வாழ்பவருக்குத்தான் அந்த ஒரு புள்ளியின் ருசி தெரியும்.

இதே கிளப்பில் வளர்ந்தவர்தான் ஆலன் ஷியரர். 1992-இல் பெருந்தொகைக்கு பிளாக்பர்ன் போனார், 1995-இல் லீக்கையே வென்றார். அவர் செய்தது தப்பில்லை. லே டிசியேயையும் கூப்பிட்டார்கள்: 1990-இல் டாட்டன்ஹாம், பிறகு செல்சி. டாட்டன்ஹாம் போக ஒரு கட்டத்தில் அரை மனம் இருந்தது, கடைசியில் போகவில்லை. இதைத் 'தியாகம்' என்று எழுதுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அந்த ஊர் பிடித்திருந்தது, அங்கே ஆடுவது சந்தோஷமாக இருந்தது, இருந்துவிட்டார். நமக்குக் கடன்பட்டு இருப்பவரைவிட, நம்மோடு இருக்கப் பிடித்து இருப்பவரைத்தானே ஊர் கொண்டாடும்?

அதற்கான விலையையும் கொடுத்தார். இங்கிலாந்து அணிக்கு வெறும் 8 ஆட்டங்கள்தான். 1998-இல் இங்கிலாந்தின் இரண்டாம் நிலை அணியான பி அணிக்காக ரஷ்யாவின் பி அணிக்கு எதிராக மூன்று கோல் போட்டும் உலகக் கோப்பைக்கு அழைப்பு இல்லை.

பெனால்டி பற்றிச் சொல்லாமல் விடமுடியாது. சவுத்தாம்ப்டனுக்காக 48 அடித்து 47 கோல். தடுத்தவர் ஒரே ஒருவர், 1993-இல் நாட்டிங்காம் ஃபாரஸ்ட் கோல்கீப்பர் மார்க் கிராஸ்லி. பாவம், அவரை இன்றைக்கும் அதற்காகவே விசாரிக்கிறார்கள்.

சவுத்தாம்ப்டனின் சொந்த மைதானமான டெல், பதினைந்தாயிரம் பேர் நெருக்கியடித்து உட்காரும் பழைய இடம். 2001 மே 19, அங்கே கடைசி லீக் ஆட்டம், எதிரே ஆர்சனல், ஸ்கோர் 2-2. காயங்களால் அந்த சீசனில் பெரும்பாலும் ஒதுங்கியிருந்த லே டிசியே மாற்று ஆட்டக்காரராக வந்தார். 89-ஆவது நிமிடம், திரும்பியபடியே இடது காலால் ஓர் உதை. வலக்கால் ஆட்டக்காரர் அவர்! 3-2.

சவுத்தாம்ப்டனுக்கு ஒரு பெரிய கோப்பை உண்டு, இங்கிலாந்து கிளப்புகள் மோதும் எஃப்.ஏ. கோப்பை, 1976-இல். மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு எதிரான இறுதி ஆட்டத்தில் அந்த ஒற்றைக் கோலைப் போட்டவர் பாபி ஸ்டோக்ஸ், அதுவும் பரம வைரியான போர்ட்ஸ்மவுத் ஊர்க்காரர். டெல்லை இடித்துவிட்டுக் குடியிருப்புகள் கட்டியபோது கட்டடங்களுக்கு ஆட்டக்காரர்களின் பெயரை வைத்தார்கள். ஒன்று ஸ்டோக்ஸ் கோர்ட். இன்னொன்று லே டிசியே கோர்ட்.

வணக்கம்.